ஓர் இடாப்பும் இரு கைகளும்

ஒரு நிறுவனத்தின் நினைவு அதன் ஏடுகளிலேயே தங்கியிருக்கின்றது. அதிபர்கள் வருவர், ஓய்வு பெறுவர். ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுச் செல்வர். மாணவர்கள் கற்று வெளியேறி உலகின் நாலா திசைகளிலும் வாழ்வர். அவர்கள் அனைவரும் சென்ற பின்னரும், இன்னார் இன்ன ஆண்டில் இங்குச் சேர்ந்தார், இன்ன பாடத்தில் இத்தனை புள்ளி பெற்றார், இன்ன ஆண்டில் விலகினார் என்று ஐயந்திரிபின்றிச் சொல்ல வல்லது இடாப்பு ஒன்றே. யூபிலி மலர் ஒன்றைத் தொகுக்கப் புகுந்தோர் அனைவரும் இவ்வுண்மையை நன்கு அறிவர். மனித நினைவு தடுமாறும் இடத்தில் ஏடு கைகொடுக்கின்றது. ஆதலின், ஏட்டில் உள்ளது பிழைபடுமாயின் நிறுவனத்தின் நினைவே பிழைபட்டதாகும்.

இவ்வேடுகள் இன்று தாளை விட்டுக் கணினிக்குப் பெயர்ந்து வருகின்றன. கணினியில் ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்ட இடாப்புகளின் தொகுதியைத் தரவுத்தளம் என்கின்றோம். அதனை இணையத்தின் வழியாகப் பலரும் தத்தம் இடத்திலிருந்தே பார்க்கவும் திருத்தவும் உதவும் மென்பொருளை இணையச் செயலி என்கின்றோம். இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. தேடுதல் எளிது, பிரதி எடுத்தல் எளிது, தூரம் ஒரு தடையன்று. இவற்றை மறுப்பார் இலர். ஆயினும், தாளிலிருந்து கணினிக்குப் பெயர்ந்தபோது ஒருவரும் கவனியாமலே நாம் இழந்துவிட்ட காவல் ஒன்றுண்டு. அது யாதென்பதையும், அதனை மீண்டும் பெறும் வழி யாதென்பதையும், அதனைப் பெறாமல் இருப்பது ஏன் தவறென்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாளினாலாய இடாப்பு ஒன்றே ஒன்றாக இருந்தது. அதனை ஒரு வேளையில் ஒருவரே கையில் வைத்திருத்தல் கூடும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர் காத்திருந்தார். தம் முறை வந்ததும் முன்னவர் எழுதியதைக் கண்ணாற் கண்ட பின்னரே தாம் எழுதினார். முன்னவர் எழுதியதை மாற்ற விரும்பினால் அதனைக் கோடிட்டு வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய கோடு வெட்டியதற்குச் சாட்சியாக நின்றது. இக்காவலை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. அது தாளின் இயல்பு. கணினியிலோ இடாப்பு ஒரே நேரத்தில் நூறு திரைகளில் விரிகின்றது. நூறு பேரும் அதனைத் தம் கையில் இருப்பதாகவே எண்ணுகின்றனர். ஆனால் ஒவ்வொருவர் திரையிலும் இருப்பது இடாப்பன்று. அவர் திறந்த கணத்தில் எடுத்த ஒரு நிழற்பிரதியே.

இதனால் நேர்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பழைய மாணவர் சங்கம் ஒன்றின் அங்கத்தவர் இடாப்பு இணையத்தில் இருக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலுள்ள செயலாளர் காலையில் ஓர் அங்கத்தவரின் பதிவைத் திறக்கின்றார். ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு. அங்குள்ள கிளைச் செயலாளரும் அதே பதிவைத் திறக்கின்றார். யாழ்ப்பாணத்தவர் முகவரியைத் திருத்திச் சேமிக்கின்றார். சில நிமிடங்களின் பின்னர் ரொறன்ரோக்காரர் தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமிக்கின்றார். செயலியோ படிவத்திலுள்ள எல்லாப் புலங்களையும் ஒருங்கே திருப்பி எழுதுகின்றது. ரொறன்ரோவின் படிவத்தில் இருந்தது பழைய முகவரி. எனவே, புதிய தொலைபேசி எண்ணுடன் பழைய முகவரியும் இடாப்பில் ஏறிவிடுகின்றது. யாழ்ப்பாணத்தவரின் திருத்தம் அழிந்தது. அழித்தவருக்கு அழித்தது தெரியாது. இழந்தவருக்கு இழந்தது தெரியாது. இருவர் திரையிலும் ‘சேமிக்கப்பட்டது’ என்னும் இனிய சொல்லே தோன்றியது. தரவுத்தள அறிஞர் இதனைத் தொலைந்த திருத்தம் என்பர்.

முகவரி தொலைந்தால் ஒரு கடிதம் திரும்பி வரும். அவ்வளவே என்று கருதுவோர்க்கு மற்றோர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். பாட ஆசிரியர் ஒருவர் 75 என இருக்க வேண்டிய புள்ளி 57 எனப் பதிவாகியிருப்பதைக் கண்டு திருத்துகின்றார். வகுப்பாசிரியர் அதே மாணவனின் பதிவைச் சிறிது முன்னரே திறந்து, நடத்தை பற்றிய குறிப்பைச் சிந்தித்துச் சிந்தித்து எழுதிக்கொண்டிருக்கின்றார். அவர் எழுதி முடித்துச் சேமித்ததும் புள்ளி மீண்டும் 57 ஆகின்றது. முன்னேற்ற அறிக்கை அவ்வாறே வீட்டுக்குச் செல்கின்றது. தந்தையார் வந்து வினவுகின்றார். ‘நான் திருத்தினேன்’ என்கிறார் பாட ஆசிரியர். ‘நான் புள்ளியைத் தொடவே இல்லை’ என்கிறார் வகுப்பாசிரியர். இருவர் சொல்வதும் மெய். ஆனால் இடாப்பு இருவரையும் பொய்யராக்கி நிற்கின்றது. கடமை தவறாத ஒருவர் தம் நேர்மையை நிலைநாட்டச் சான்றின்றி நிற்கும் நிலையினும் கொடிது வேறு யாது? எண்ணொன்று பிழைத்ததைக் காட்டிலும் இப்பழியே பெரிது. இக்காரணத்தாலேயே இதனைப் பொறியியலாளரின் தனிப்பட்ட சங்கடமாக விட்டுவிடாது, பொதுவில் பேசற்பாலதோர் அறப்பிரச்சினையாக யாம் கொள்கின்றோம்.

இதற்கு மறுப்புரைப்போர் இருவகையினர். முதல் வகையினர், இருவர் ஒரே கணத்தில் ஒரே பதிவைச் சேமித்தல் எப்போதோ நிகழும் அபூர்வம் என்பர். இஃது உண்மையை நழுவவிடும் வாதம். மோதல் நிகழ்வதற்கு இருவரும் ஒரே கணத்தில் சேமிக்க வேண்டியதில்லை. ஒருவர் திறந்ததற்கும் சேமித்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் மற்றவர் சேமித்தால் போதும். அவ்விடைக்காலம் கணினிக் கணக்கில் நுண்கணமன்று. மனிதர் சிந்திக்கும் நேரம். படிவத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றவரின் இடைக்காலம் அரைமணியாகும். மாலையில் திறந்த திரையை மூடாமலே சென்று மறுநாட் காலையில் தொடர்பவரின் இடைக்காலம் ஓரிரவாகும். மேலும், ஒரு நிறுவனத்தில் ஒரே பதிவைப் பலர் நாடும் காலங்கள் உண்டு: தவணை முடிவு, பரீட்சை விண்ணப்பக் காலம், யூபிலிக்கு முந்திய வாரங்கள். அபூர்வம் எனப்படுவது சரியாக அவ்வேளைகளிலேதான் அடுத்தடுத்து நிகழும். அன்றியும், செயலியை ஆக்கியவர் தனியொருவராக அமர்ந்து அதனைச் சோதிக்கின்றார். தனியொருவர் சோதனையில் இக்குறை ஒருபோதும் தலைகாட்டாது.

இரண்டாம் வகையினர், இவற்றையெல்லாம் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும் என்பர். இவ்வாதம் சற்று ஆழமானது. எனவே சற்று விரிவாக நோக்குவோம். எட்கர் கொட் என்பார் 1970ஆம் ஆண்டில் அட்டவணைகளின் தொடர்புகளாகத் தரவுகளை அமைக்கும் முறையை வெளியிட்டார். அதன் வழிவந்த தரவுத்தளங்களில் பலர் ஒருங்கே தொழிற்படும்போது குழப்பம் நேராதிருக்கும் வழிகளை வகுத்தோருள் ஜிம் கிரே தலையாயவர். அப்பணிக்காக 1998ஆம் ஆண்டின் ரியூறிங் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பல செயல்களை ஒரே செயலாகக் கட்டி, அக்கட்டு முழுமையாக நிறைவேறும் அல்லது முழுமையாகக் கைவிடப்படும் என உறுதி செய்வது அம்முறையின் உயிர். அக்கட்டு நடைபெறும் வரையில் தரவுத்தளம் காவல் செய்யும் என்பது உண்மையே.

ஆனால் இணையச் செயலியில் படித்தல் ஒரு கட்டு. எழுதுதல் வேறொரு கட்டு. படிவத்தைத் திரைக்கு அனுப்பியவுடன் முதற்கட்டு முடிந்துவிடுகின்றது. தரவுத்தளம் தன் கடமை தீர்ந்ததெனக் காவலை எடுத்துவிடுகின்றது. இணையத்தின் பரிமாற்ற நெறியும் அத்தகையதே: ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனி, முன்னதை நினைவில் வைத்துப் பின்னதை நோக்கும் இயல்பு அதற்கு இல்லை. அரைமணி கழித்துச் ‘சேமி’ என்று வரும் வேண்டுகோள் தரவுத்தளத்தின் கண்ணுக்கு முற்றிலும் புதியதொரு கட்டளை. ‘இவர் பார்த்தது இன்னும் அப்படியே இருக்கின்றதா?’ என்று தானாகக் கேட்க அதற்குக் காரணமில்லை. கேட்பது செயலியின் கடமை. செயலி கேளாவிடின் கேட்பார் எவருமிலர்.

இனி, வழிகளை ஆராய்வோம். பழைய தாளின் காவலையே மீண்டும் அமைத்தல் ஒரு வழி. அதாவது, ஒருவர் பதிவைத் திறந்தவுடன் அதனைப் பூட்டி, அவர் முடிக்கும் வரை மற்றவரைத் தடுத்தல். கேட்பதற்கு இது நன்று. ஆனால் ஏட்டைக் கையில் வைத்திருப்பவரை நாம் கண்ணாற் காணலாம், ‘முடிந்ததா?’ என்று கேட்கலாம். இணையத்தில் பூட்டியவர் எங்கே இருக்கின்றார், இருக்கின்றாரா என்பதே தெரியாது. உலாவியை மூடிவிட்டுப் போயிருக்கலாம், தொடர்பு அறுந்திருக்கலாம், மின்சாரம் நின்றிருக்கலாம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். அவ்வாறான ஒரு பொழுதில் பூட்டிய பூட்டைத் திறப்பவர் யார்? குறித்த நேரத்தின் பின் பூட்டுத் தானே திறக்கும் என விதித்தாலோ, அந்நேரத்தைக் கடந்து திரும்பி வந்து சேமிப்பவர் மறுபடியும் பிறர் எழுத்தை அழிக்கத் தொடங்குவார். ஆகவே, நேரசூசி வகுத்தல் போல ஒருவரே நெடுநேரம் ஈடுபட்டுச் செய்யும் சில கருமங்களுக்குப் பூட்டு ஏற்றதாயினும், அன்றாடத் திருத்தங்களுக்கு அது பொருந்தாது.

மற்றைய வழியைக் குங், ரொபின்சன் என்னும் இரு அறிஞர்கள் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை தெளிவுற வகுத்தது. மோதல் பெரும்பாலும் நிகழாதென்று நம்பி யாவரையும் தடையின்றித் தொழிற்பட விடுக. ஆனால் எழுதுங்காலத்து, இடையில் எதுவும் மாறவில்லை என்பதைச் சோதித்த பின்னரே எழுத்தை ஏற்றுக்கொள்க என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தோடு தொடங்கி விழிப்போடு முடிக்கும் முறை இது எனலாம்.

இதனைச் செயற்படுத்தல் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. ஒவ்வொரு பதிவிலும் பதிப்பெண் என ஒரு புலத்தைக் கூட்டுக. பதிவு ஒவ்வொரு முறை மாறும்போதும் அவ்வெண் ஒன்றால் உயரட்டும். படிவம் திரைக்குச் செல்லும்போது அவ்வெண்ணும் உடன் செல்லட்டும். சேமிக்கும்போது உடன் திரும்பட்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் பதிவின் பதிப்பெண் 7 என்க. யாழ்ப்பாணமும் ரொறன்ரோவும் 7ஐயே கண்டன. யாழ்ப்பாணத்தவர் சேமிக்கும்போது தரவுத்தளத்துக்குச் செல்லும் கட்டளை இது: இவ்வங்கத்தவரின் பதிவு இன்னும் 7ஆம் பதிப்பாகவே இருக்குமாயின் மாற்றுக, மாற்றி 8 ஆக்குக. அது நிறைவேறும். ரொறன்ரோக்காரர் அதே கட்டளையைச் சில நிமிடங்களின் பின் அனுப்புகின்றார். இப்போது 7ஆம் பதிப்பு என ஒன்றில்லை. எனவே கட்டளைக்குப் பொருந்தும் பதிவு எதுவுமில்லை. ‘மாற்றப்பட்ட பதிவுகள்: 0’ என விடை வருகின்றது. அந்தச் சுழியமே செய்தி. இடையில் வேறொருவர் எழுதிவிட்டார் என்பதை அது தப்பாமல் உரைக்கின்றது.

எளியதாயினும் இதில் மூன்று இடங்களில் அவதானம் வேண்டும். முதலாவது, தரவுத்தளம் இச்சுழியத்தைப் பிழையெனக் கருதுவதில்லை. மாற்ற எதுவும் கிடைக்கவில்லை என்று அமைதியாகக் கூறிவிட்டு நின்றுவிடும். செயலி அதனை நோக்காதுவிட்டால் வாயிலிற் காவலனை நிறுத்திவிட்டு அவன் குரலுக்குச் செவியை மூடிக்கொண்டதாகும். இரண்டாவது, சோதித்தலும் எழுதுதலும் ஒரே கட்டளையாக இருத்தல் வேண்டும். முதலிற் படித்துப் பார்த்து, ‘மாறவில்லை’ எனத் தெளிந்து, பின்னர் எழுதினால், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் மற்றொருவர் நுழைந்துவிடலாம். மூன்றாவது, ஒப்பிடப்படும் எண், பயனாளர் படிவத்தைத் திறந்தபோது கண்ட எண்ணாதல் வேண்டும். ‘சேமி’ என்று வந்த பின்னர் பதிவைப் புதிதாகப் படித்து, அப்போதுள்ள எண்ணையே எடுத்து, அதனோடு அதனையே ஒப்பிடும் செயலிகளும் உண்டு. அவ்வொப்பீடு எப்போதும் வெற்றி பெறும், காவல் இருப்பது போலத் தோன்றும், காவலோ இல்லை.

எண்ணுக்குப் பதிலாகக் கடைசியாகத் திருத்திய நேரத்தைக் கொண்டு ஒப்பிடலாகாதா எனக் கேட்கப்படும். பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் நேரம் நம்பத்தக்க சாட்சியன்று. விநாடி வரையிலேயே நேரத்தைக் குறிக்கும் இடத்தில், ஒரே விநாடிக்குள் நிகழ்ந்த இரு திருத்தங்களை வேறுபடுத்தி அறிதல் இயலாது. கடிகாரங்களும் பின்னோக்கிச் செல்லும். நம் நாட்டிலேயே 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் நேரம் ஒரு மணி முன்னோக்கி வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரைமணி பின்னோக்கி வந்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் மேலும் அரைமணி பின்னோக்கி வந்து பழைய நிலையை அடைந்தது. பின்னோக்கி வைத்த ஒவ்வொரு முறையும் உள்ளூர் நேரத்தில் ஓர் அரைமணி இருமுறை வந்ததல்லவா? ஒன்று கூடிக்கொண்டே செல்லும் எண்ணுக்கு இத்தகைய தடுமாற்றம் இல்லை. நேரத்தைக் குறித்து வைப்பது நன்றே. ஆனால் அது மனிதர் படிப்பதற்கு, நீதி வழங்குவதற்கன்று.

இவையெல்லாம் புதுமைகளுமல்ல. இணையத்தின் பரிமாற்ற நெறியில், ஒரு பக்கத்தின் பதிப்புக்கு அடையாளம் இடுதலும், ‘இவ்வடையாளம் மாறாதிருந்தால் மட்டும் மாற்றுக’ என நிபந்தனை விதித்தலும் 1997ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன. நிபந்தனை பொய்த்தால் 412 என்னும் விடை வரும். இத்தொலைந்த திருத்தத்தைக் கண்டறிவது எவ்வாறு என்றே உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டில் ஒரு குறிப்பை வெளியிட்டது. நிபந்தனையின்றி வரும் திருத்தத்தை ஏற்க மறுத்து 428 என விடையிறுக்கும் முறை 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இன்று செயலிகளை ஆக்கப் பயன்படும் பெருஞ்சட்டகங்கள் பலவற்றில் பதிப்பெண் ஒப்பீடு ஆயத்தமாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆதலின், கருவியில்லை என்று கூற இடமில்லை. கருத்தில்லை என்பதே உண்மை.

மோதலைக் கண்டறிந்த பின் செய்யவேண்டியது யாது? இங்கேதான் பல செயலிகள் இரண்டாவது குற்றத்தைப் புரிகின்றன. ‘பிழை நேர்ந்தது, மீண்டும் முயல்க’ என்று கூறி, இரண்டாமவர் அரைமணி நேரம் அமர்ந்து எழுதியதனைத்தையும் துடைத்துவிடுகின்றன. முன்னவர் எழுத்தைக் காக்கப் பின்னவர் எழுத்தைப் பலியிடுதல் காவலாகுமா? இவ்விடத்தில் நம் பழந்தமிழ் நூற் பதிப்பாசிரியர்களின் நெறி நினைவுகூரத்தக்கது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார்கள். அவர்களும் அவர்கள் காலத்து உ. வே. சாமிநாதையர் அவர்களும் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டே தம் பதிப்புகளை ஆக்கினர். பிரதிகள் முரண்பட்ட இடத்துக் கடைசியிற் கிடைத்த ஏடே மெய்யென்று அவர்கள் கொண்டாரல்லர். பொருத்தமான பாடத்தைத் தேர்ந்தனர். ஏனைய பாடத்தை அழித்துவிடாது பாடபேதமாகக் குறிக்கும் வழக்கமும் அப்பதிப்பு மரபிலே வேரூன்றியது. தேர்வு அறிவுடையார் கையில். சான்று எல்லார் கண்முன்னும். செயலியும் அவ்வாறே ஒழுகல் வேண்டும். நீர் திறந்தபோது இருந்தது இது. இடையில் இன்னார் இன்ன நேரத்தில் எழுதியது இது. நீர் இப்போது எழுதுவது இது என மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டி, தேர்ந்தெடுக்கும் உரிமையை மனிதரிடமே விடுதல் வேண்டும்.

வெவ்வேறு புலங்களில் நேர்ந்த திருத்தங்களைப் பொறியே இணைத்துவிடலாகாதா என்பர் சிலர். பல இடங்களில் ஆகும். ஒருவர் தொலைபேசியையும் மற்றவர் தொழிலையும் மாற்றினால் இரண்டையும் ஏற்பதில் இடரில்லை. ஆனால் ஒருவர் வீதியின் பெயரையும் மற்றவர் நகரின் பெயரையும் மாற்றினால்? பொறி இரண்டையும் இணைக்கும். விளைவது இருவரும் எழுதாத ஒரு முகவரி, உலகில் எங்கும் இல்லாத ஒரு வீடு. எப்புலங்கள் தம்முள் பிணைந்தவை என்பதை இடாப்பின் பொருளை அறிந்தவரே சொல்லக்கூடும். ஆதலின் அதனை முன்னரே கேட்டறிந்து வகுத்தல் செயலியை ஆக்குவோர் கடன்.

மொத்தத் தொகை போன்றவற்றுக்கோ வேறொரு நெறி சிறந்தது. கட்டட நிதியில் 50,000 ரூபா இருக்கின்றதென்க. ஒருவர் 10,000 கூட்டி 60,000 என எழுதுகின்றார். அதே வேளை மற்றவர் 5,000 கூட்டி 55,000 என எழுதுகின்றார். காவலில்லாத இடத்தில் பிந்தியவர் எண்ணே நிற்கும். 65,000 என்னும் மெய்த்தொகை எங்கும் தோன்றாது. மொத்தத்தைத் திருத்துவதை விடுத்து, ஒவ்வொரு வரவையும் தனிப் பதிவாக எழுதி, மொத்தத்தை வேண்டும்போது கூட்டிப் பெறுவதே இதற்கு மருந்து. நல்ல கணக்கர் எக்காலத்தும் செய்தது இதுவே. அவர் பழைய பதிவை அழிப்பதில்லை. பிழையிருப்பின் எதிர்ப்பதிவு இடுவார்.

பதிப்பெண் எல்லா நோய்க்கும் மருந்தென்று கூறுவதற்கில்லை. அது ஒரே பதிவில் நேரும் மோதலையே காட்டும். விடுதியில் இரவில் ஓர் ஆசிரியரேனும் கடமையில் இருத்தல் வேண்டும் என்பது விதியென்க. கடமையிலுள்ள இருவரும், மற்றவர் இருக்கின்றார் எனத் திரையிற் கண்டு, ஒரே வேளையில் தத்தம் பெயரை நீக்குகின்றனர். இருவரும் திருத்தியது வெவ்வேறு பதிவு. எனவே பதிப்பெண் ஒப்பீடு இரண்டையும் அனுமதிக்கும். விடுதியில் ஒருவரும் இரார். தரவுத்தள நூலார் இவ்வகைக் குறையை 1995ஆம் ஆண்டளவிலேயே ஆராய்ந்து பெயரிட்டுள்ளனர். அவ்விரவின் கடமைப் பட்டியல் முழுவதற்கும் ஒரு பதிப்பெண் வைத்தல் இதற்கு ஒரு பரிகாரமாகும். எவற்றை ஒன்றாக நோக்குதல் வேண்டும் என்பதை அறிந்து எல்லை வகுப்பதிலேயே இக்கலையின் அருமை உள்ளது.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம். மென்பொருளை எழுதுவோர் தம் எழுத்தைக் காத்துக்கொள்வதில் மிகக் கருத்துடையோர். அவர்களுக்கென 1972ஆம் ஆண்டு தொடக்கமே பதிப்புக் காவற் கருவிகள் இருந்து வருகின்றன. 2005ஆம் ஆண்டில் லினஸ் ரோவால்ட்ஸ் ஆக்கிய கிற் என்னும் கருவி இன்று உலகெங்கும் வழங்குகின்றது. ஒருவர் எழுதிய வரியை மற்றொருவர் அறியாது அழிக்க முற்பட்டால் அது வழக்கமாக ஏற்க மறுக்கும். முரண்பட்ட இரு வரிகளையும் குறியிட்டுக் காட்டும். இத்தகைய காவலின்றி ஒரு நாளும் தொழில் செய்ய இசையாத அவர்களே, எழுதுவினைஞர் ஒருவருக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் ஆக்கிக் கொடுக்கும் செயலியில் அக்காவலை வையாது விடுவது என்ன நீதி? தம் எழுத்துக்கு ஒரு சட்டம், பிறர் எழுத்துக்கு ஒரு சட்டமா? ஊதியமின்றி உலகோர் எழுதும் விக்கிப்பீடியாவில், 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்ப் பதிப்பு உட்பட, இருவர் மோதினால் மோதல் என அறிவிக்கப்படுகின்றது. பழைய பதிப்புகள் யாவும் பேணப்படுகின்றன. யாரும் வந்து எழுதும் கலைக்களஞ்சியத்துக்கு உள்ள காவல் ஒரு மாணவனின் புள்ளிகளுக்கு வேண்டாவா?

ஆதலின், இம்மலரைப் படிக்கும் மூவகையினரிடத்தும் சில சொல்ல விழைகின்றோம். ஆசிரியர்களே, அலுவலக அன்பர்களே, உங்கள் நிறுவனத்துக்கு ஒரு செயலியை வாங்கு முன்னர், தொழினுட்பம் எதுவும் அறியாமலே ஐந்து நிமிடத்தில் அதனைச் சோதிக்கலாம். இரு கணினிகளில் ஒரே பதிவைத் திறவுங்கள். முதற் கணினியில் ஒரு புலத்தை மாற்றிச் சேமியுங்கள். பின்னர் இரண்டாவதில், திரையைப் புதுப்பியாமலே, வேறொரு புலத்தை மாற்றிச் சேமியுங்கள். இப்போது பதிவைப் புதிதாகத் திறந்து பாருங்கள். முதல் மாற்றம் யாதோர் அறிவிப்புமின்றி மறைந்திருக்குமாயின் அச்செயலி பொது இடாப்புக்கு உகந்ததன்று. இரண்டு மாற்றங்களும் நிலைத்திருந்தால், ஒரே புலத்தை இருவரும் மாற்றி மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். விற்பவரிடம் மூன்று வினாக்களையும் கேளுங்கள். மோதலைக் கண்டறிந்து சொல்லுமா? சொல்லும்போது இரண்டாமவர் எழுதியது பிழைத்திருக்குமா? யார், எப்போது, எதனை எதுவாக மாற்றினார் என்னும் வரலாறு பேணப்படுமா?

மாணவர்களே, உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்வோரே, அட்டவணை வகுத்தலையும் வினவல் எழுதுதலையும் நீங்கள் கற்கின்றீர்கள். ஒரு வினவல் தனியே ஓடும்போது சரியாக ஓடுகின்றது என்பதோடு அமையாதீர்கள். அதே வினவலை வேறொருவரும் அதே வேளையில் ஓட்டினால் என்ன நேரும் என்று எப்போதும் கேளுங்கள்.

மென்பொருள்துறையிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர்களே, நீங்கள் பிறந்த மண்ணின் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் அன்பினால் இலவசமாகவும் செயலிகளை ஆக்கிக் கொடுக்கின்றீர்கள். அவ்வன்பு போற்றற்குரியது. ஆனால் இலவசமாகக் கொடுத்த செயலியும் ஒருவர் நேர்மையின் மேல் பழி சுமத்தக்கூடும். பதிவுக்கு ஓர் எண்ணும், கட்டளைக்கு ஒரு நிபந்தனையும், சுழியம் வந்தால் அதனை மறையாது சொல்லும் ஒரு திரையும் கூட்டுங்கள். அதற்குச் செல்லும் உழைப்பு மிகச் சிறிது.

பொறி இருவருள் எவர் சரியென்று தீர்ப்புக் கூறவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அது மனிதர் செய்யும் வேலை. இருவர் எழுதினர் என்னும் உண்மையை மறைக்காதிருத்தலே பொறியிடம் நாம் வேண்டுவது. அவ்வுண்மை மறையாதிருந்தால் மீதியை இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வர்.